ஹைப்பர் தைராய்டு: கை நடுக்கம், படபடப்பு, தாங்க முடியாத வேக்காடு... தினமும் எப்படி சமாளிக்கறீங்க?

கோலமாவு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இன்னிக்கு தான் முதல் தடவை எழுதறேன். வயசு 34, திருச்சி, ஸ்கூல் டீச்சர், 4 வயசுல ஒரு பையன். ஜனவரிலேர்ந்து இளைக்க ஆரம்பிச்சேன், 58 கிலோ இருந்தவ 49க்கு வந்துட்டேன், ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் என்ன டயட்னு கேக்கறாங்க, டயட்டாவது ஒண்ணாவது, ராத்திரி பத்து மணிக்கு எந்திரிச்சு ரெண்டாவது தட்டு சாதம் போட்டு சாப்பிடறவ நான். தின்ன தின்ன பசிக்குது, ஆனா உடம்புல ஒட்ட மாட்டேங்குது.

முதல்ல கவனிச்சது எடைய கூட இல்ல, கோலத்த தான். புள்ளி வச்சுட்டு இழை இழுத்தா கோடு நேரா வராம எறும்பு ஊர்ற மாதிரி நெளியுது. மாமியார் "என்னடி அவசரமா போட்டியா"ன்னு கேட்டாங்க. அப்புறம் காபி டம்ளர டவராவோட தூக்கினா கடகடன்னு சத்தம். நெஞ்சு சும்மா உக்காந்திருக்கும்போதே மாடிப்படி ஏறி வந்த மாதிரி அடிக்குது. வயித்தால போறது ஒரு நாளைக்கு நாலு தடவை. பையன் பென்சில கீழ போட்டான்னு அவன்கிட்ட கத்தின கத்துல எனக்கே பயம் வந்து தான் டாக்டர்கிட்ட போனேன்.

டிஎஸ்ஹெச் (தைராய்ட முடுக்கி விடற ஹார்மோன்) 0.005, ரொம்ப கம்மி, ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கற ஹார்மோன்) 4.2, ரொம்ப அதிகம், நாடி 118. ஆன்டிபாடி டெஸ்ட் பாசிட்டிவ், கிரேவ்ஸ்னு எழுதிட்டாங்க, அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியே தைராய்ட தூண்டி விட்டு ஓவரா சுரக்க வைக்கற வியாதி. தைராய்டு சுரக்கறத கொறைக்க நியோ மெர்காசோல் 30 மில்லிகிராம், கூட படபடப்புக்கு ப்ரொப்ரனலால். டாக்டர் நல்லவர் தான், ஆனா வெளிய இன்னும் நாப்பது பேர் உக்காந்திருக்காங்க, அவர் என்ன தான் பண்ணுவார், அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டார்.

எனக்கு வேண்டியது வீட்டு விஷயம். என்ன சாப்பிடணும், எத விடணும்? பக்கத்து வீட்டு அக்கா தைராய்டுக்கு அஞ்சு வருஷமா மாத்திரை போடறவங்க, முட்டைக்கோஸ் கூடாது காலிஃபிளவர் கூடாது, காலைல எழுந்ததும் வெறும் வயித்துல மாத்திரை, வேகமா நடன்னு ஒரு லிஸ்ட்டே குடுத்தாங்க. மாமியார் கடல் மீன் கூடாதுன்னுட்டாங்க. இன்னொருத்தர் உப்பையே மாத்த சொல்றார். காபி விட்டா நான் செத்துடுவேன். இந்த வெயில்ல எப்படி தூங்கறது? இது எத்தன நாள் இருக்கும்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கோவை அரிசிம்பருப்பு எழுதியது:

வாங்க கண்ணு. மொதல்ல ஒண்ணு, அந்த பக்கத்து வீட்டு அக்கா லிஸ்ட்ட எடுத்து அலமாரி மேல வெச்சுடுங்க. அவங்களுக்கு இருக்கறது ஹைப்போவா (தைராய்டு கம்மியா சுரக்கறது) தான் இருக்கும், நம்மூர்ல தைராய்டுன்னாலே அது தான், குண்டாகறது, குளுர்றது, தூங்கி வழியறது. நமக்கு அப்படியே தலைகீழ். வெறும் வயித்துல போட சொல்றது ஹைப்போக்காரங்களுக்கு கொறையற ஹார்மோனுக்கு பதிலா குடுக்கற தைராக்ஸின் மாத்திரைக்குங்க, உங்க மாத்திரைக்கு அந்த கட்டாயம் கெடயாது, தினமும் ஒரே நேரத்துல போட்டா போதும். எனக்கு வந்த புதுசுல எங்க நாத்தனார் பாசத்துல அவங்களோட தைராக்ஸின் டப்பாவ குடுத்து "டாக்டர்கிட்ட போறவரைக்கும் இத போடு"ன்னாங்க. நல்லவேளை போடல, போட்டிருந்தா எரியற அடுப்புல எண்ணெய ஊத்தின கத தான்.

முட்டைக்கோஸ் தாராளமா சாப்பிடுங்க. அது தைராய்டு சுரக்கறத கொஞ்சம் கொறைக்கும்ங்கற கவலைல ஹைப்போக்காரங்களுக்கு சொல்றது, நமக்கு சுரப்பி தான் அடங்க மாட்டேங்குதே. ஆனா பொரியல் தின்னே சரியாயிடும்னும் நெனச்சுடாதீங்க, அதுக்கு அந்த சக்தி இல்ல. சமையலுக்கு போடற அயோடின் உப்பு, வாரத்துக்கு ரெண்டு நாள் மீன், இதுக்கெல்லாம் எங்க டாக்டர் ஒண்ணும் சொல்லல. பின்னாடி ரேடியோ அயோடின் (சுரப்பிய அடக்க குடுக்கற கதிரியக்க அயோடின்) குடுக்கறதா இருந்தா மட்டும் அதுக்கு முன்னாடி ஒரு வாரம் ரெண்டு வாரம் அயோடின் கொறைக்க சொல்லுவாங்க, அப்ப பாத்துக்கலாம்.

சாப்பாடு விஷயத்துல நான் பண்ணின தப்பு, பசிக்குதுன்னு வெறும் சாதமா ரொப்பினது. ஒடம்பு கரையறப்ப கொழுப்பு மட்டும் கரையாதுங்க, சதையும் சேந்து போகும். ஒரு நாள் தரையில சம்மணம் போட்டு வெங்காயம் உரிச்சுட்டு எந்திரிக்க போறேன், தொடைல தெம்பே இல்ல, சிலிண்டர புடிச்சுட்டு தான் எந்திரிச்சேன், அப்ப எனக்கு 29 வயசு. அதுக்கப்புறம் முட்டை, பருப்பு, கொண்டக்கடல, தயிர், நடுவுல பசிச்சா கடல மிட்டாய்னு மாத்தினேன். எலும்பும் தேயும், அதனால பால், தயிர், ராகி விடாதீங்க. வேகமா நடக்கறது இப்ப வேண்டாம், ஏற்கனவே 118 அடிக்குதுல்ல. நாடி அடங்கட்டும், டாக்டர் சரின்னதும் மெதுவா ஆரம்பிங்க.

காபி... என் வாயால விடுன்னு சொல்ல மாட்டேன், நானே விடல. ஆனா மூணு டம்ளர் ஒண்ணாச்சு, அதுவும் காலைல மட்டும், டிகாஷன் பாதி. சாயந்தரம் குடிச்சா ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபேன எண்ணிட்டு படுத்திருப்பேன். வேக்காட்டுக்கு மெத்தைய தூக்கி போட்டுட்டு கோரப்பாய்ல படுங்க, படுக்கறதுக்கு முன்னாடி ஒரு குளியல், நைட்டி காட்டன் மட்டும். மோர் நெறைய குடிங்க, வேர்வைலயும் வயித்தாலயும் தண்ணி போயிட்டே இருக்கும்.

கோவம் பத்தி எழுதினீங்களே, அத படிச்சதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு. என் வீட்டுக்காரர்கிட்ட நான் பேசினதெல்லாம் இப்ப நெனச்சா கூசுது. அது உங்க குணம் இல்லைங்க, ரத்தத்துல ஓடற ஹார்மோன். வீட்ல உக்கார வெச்சு இது வியாதியோட ஒரு பகுதின்னு சொல்லிடுங்க. நான் எட்டு மாசம் கழிச்சு தான் சொன்னேன், மொதல்லயே சொல்லி இருக்கலாம்.

எல்லாத்தையும் விட முக்கியமானது இது, டாக்டர் சொல்லலைன்னா கூட எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டுங்க. இந்த மாத்திரை போடறப்ப காய்ச்சலோ தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தா கசாயம் குடிச்சு பாக்கலாம்னு இருக்கவே கூடாது. ஆயிரத்துல ரெண்டு பேர்லேர்ந்து அஞ்சு பேருக்கு தான் வரும், ஆனா வெள்ளை அணு ஒரேடியா எறங்கிடும், அப்புறம் சின்ன கிருமி கூட ஆளையே சாய்ச்சுடும். மாத்திரைய நிறுத்திட்டு அன்னிக்கே சிபிசி (ரத்த அணு எண்ணிக்கை டெஸ்ட்) எடுத்து டாக்டர்கிட்ட காட்டணும். மொத மூணு மாசம் ரொம்ப ஜாக்கிரத. கண்ணு மஞ்சளானாலும், ஒண்ணுக்கு டீத்தண்ணி கலர்ல போனாலும் அதே தான். அரிப்பு, தடிப்பு கொஞ்சம் பேருக்கு வரும், அதையும் சொல்லிடுங்க. இன்னொரு கொழந்தைக்கு பாக்கறதா இருந்தா முன்கூட்டியே டாக்டர்கிட்ட பேசுங்க, கர்ப்பத்தோட மொத மூணு மாசத்துக்கு இந்த மாத்திரை ஆகாது, வேற மாத்துவாங்க.

எத்தன நாள்னா, படபடப்பு ஒரு வாரத்துலயே அடங்கும், அது ப்ரொப்ரனலால் வேலை (ஆஸ்துமா இருந்தா உடனே சொல்லிடுங்க, அது ஒத்துக்காது). மத்தது ஒரு மாசம் ஒண்ணர மாசம். மாத்திரை மொத்தமா ஒண்ணுலேர்ந்து ஒண்ணர வருஷம், அதுக்கப்புறம் நிறுத்தி பாப்பாங்க, பாதி பேருக்கு திரும்ப வரும். நான் அந்த பாதி. 18 மாசம் போட்டு நிறுத்தினேன், ஒரு வருஷத்துல மறுபடி கை ஆட ஆரம்பிச்சுது, அப்புறம் ரேடியோ அயோடின் குடிச்சேன், பொண்ண கொஞ்ச நாள் அம்மா வீட்ல விட்டுட்டு தனி ரூம்ல தனி தட்டு தனி டம்ளர், டாய்லெட்ல ரெண்டு தடவை ஃப்ளஷ். இப்ப நானும் ஹைப்போ கட்சிங்க, தைராக்ஸின் 100, காலைல வெறும் வயித்துல!

இயற்கைப் பித்தன் எழுதியது:

சகோதரி இந்த ஆங்கில மருந்தெல்லாம் ஆயுசுக்கும் விடாது. தைராய்டுக்கு அயோடின் குறைபாடு தான் மூல காரணம். கடல்பாசி பொடி தினம் ஒரு ஸ்பூன் தேனில் குழைத்து சாப்பிடுங்கள், 48 நாளில் மாத்திரையை தூக்கி எறியலாம். என் உறவினர் ஒருவருக்கு குணமானது.

லேப் டெஸ்க் எழுதியது:

மேல சொன்னத தயவு செஞ்சு செய்யாதீங்க. உங்க உறவினருக்கு இருந்தது எந்த தைராய்டு சார்? ஒரு பெரிய ஆளுக்கு நாள் ஒண்ணுக்கு தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம், ஒரு கிராம்ல ஆயிரத்துல ஒரு பங்கு மில்லிகிராம், அதுலயும் ஆயிரத்துல ஒரு பங்கு தான் மைக்ரோகிராம்னு நெனச்சு பாருங்க எவ்ளோ துளின்னு. கடல்பாசி பொடில சில வகைல அது பல மடங்கு இருக்கும். ஓவரா ஓடற சுரப்பிக்கு அது தீனி போடற மாதிரி. இன்னொண்ணு, சிடி ஸ்கேனுக்கு போடற கான்ட்ராஸ்ட் ஊசிலயும் அயோடின் இருக்கு, எங்க ஸ்கேனுக்கு போனாலும் ஹைப்பர் இருக்குன்னு முதல்லயே சொல்லிடுங்க.

நான் லேப்ல ரத்தம் எடுக்கற ஆளு, டாக்டர் இல்ல, அதனால எனக்கு தெரிஞ்சத மட்டும் சொல்றேன். தைராய்டு டெஸ்டுக்கு வர்ற பொண்ணுங்கள்ல நெறைய பேர் முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை போட்டுட்டு வர்றாங்க, கேட்டா "அது வைட்டமின் தானே"ன்னு சொல்லுவாங்க. பல மெஷின்ல அந்த டெஸ்டே பயோட்டின வச்சு தான் வேல செய்யுது, ரத்தத்துல அது கூடுதலா இருந்தா டிஎஸ்ஹெச் பொய்யா கம்மியாவும் டி4 பொய்யா அதிகமாவும் காட்டும், அச்சு அசல் ஹைப்பர் மாதிரியே ரிப்போர்ட் வரும். ஆன்டிபாடி கூட பொய்யா பாசிட்டிவ் காட்டலாம். டெஸ்டுக்கு குறைஞ்சது ரெண்டு நாள் முன்னாடி நிறுத்தணும், டோஸ் அதிகம்னா இன்னும் கூட.

அப்புறம் ஒண்ணர மாசம் கழிச்சு ரிப்போர்ட் வாங்கிட்டு டிஎஸ்ஹெச் இன்னும் 0.01 தானேன்னு கவுன்டர்ல அழுதுடாதீங்க. டி4 நார்மல் ஆன பிறகும் டிஎஸ்ஹெச் எழுந்திரிக்க மாசக்கணக்குல ஆகும். ஆரம்பத்துல டாக்டர் டி3, டி4ஐ பாத்து தான் டோஸ் மாத்துவார். எப்பவும் ஒரே லேப்ல எடுங்க, பழைய ரிப்போர்ட்ட ஃபைல்ல போட்டு வைங்க.

கோலமாவு எழுதியது:

அய்யோ லேப் சார், நான் முடிக்கு பயோட்டின் சாப்பிட்டுட்டு இருக்கேன்!! 10,000னு போட்டிருக்கு டப்பால, பிப்ரவரிலேர்ந்து. டாக்டர் வேற ஏதாவது மாத்திரை போடறீங்களான்னு கேட்டார், நான் இல்லைன்னுட்டேன், இது மாத்திரைன்னே தோணல. அப்போ எனக்கு வியாதியே இல்லையா?

லேப் டெஸ்க் எழுதியது:

அவசரப்படாதீங்க. பேப்பர்ல நம்பர் பொய் சொல்லலாம், 9 கிலோ எடையும் 118 நாடியும் பொய் சொல்லாது, இளைக்க ஆரம்பிச்சது ஜனவரின்னு நீங்களே எழுதியிருக்கீங்க, பயோட்டின் அதுக்கு அப்புறம் தானே. ஆனா டாக்டருக்கு இது தெரியணும். இன்னிக்கே ஃபோன் போட்டு சொல்லுங்க, அவர் திரும்ப எடுக்க சொல்லலாம். நீங்களா மாத்திரைய நிறுத்தாதீங்க, பயோட்டின மட்டும் நிறுத்துங்க.

பஞ்சர் பாண்டி எழுதியது:

அக்கா நான் மதுரை, 31 வயசு, டூவீலர் மெக்கானிக். ஆம்பளைக்கும் இது வரும்னு சொல்லத்தேன் வந்தேன், படிக்கிறவய்ங்கள்ல எவனாச்சும் என்னைய மாதிரி இருப்பான். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி மச்சான் கல்யாணம், ராத்திரி பிரியாணி ரெண்டு ரவுண்டு, மேல பரோட்டா, மேல பாதுஷா, சும்மா சொல்லக்கூடாது நல்ல கட்டு. விடியக்காலம் நாலு மணிக்கு ஒண்ணுக்கு போகலாம்னு எந்திரிக்கேன், கால் வரல. மரத்துப்போகல, கிள்ளினா வலிக்கு, ஆனா தூக்க முடியல, ரெண்டு காலும் வேற ஆளோட கால் மாதிரி கெடக்கு. கத்தி கூப்பிட்டேன், நாலு பேரு தூக்கிட்டு போனாய்ங்க. மொதல்ல போன எடத்துல மயக்கம்னு நெனச்சு குளுக்கோஸ் ஏத்தினாய்ங்க, அதுல கையும் போச்சு.

அப்புறம் பெரிய ஆஸ்பத்திரில ரத்தம் எடுத்து பாத்தா பொட்டாசியம் 2.1. தைராய்டு ஓவரா ஓடறவய்ங்களுக்கு, அதுலயும் ஆசியாக்கார ஆம்பளைகளுக்கு, மாவுச்சத்தும் இனிப்பும் மொத்தமா உள்ள போனா இன்சுலின் ஏறி ரத்தத்துல இருக்க பொட்டாசியத்த செல்லுக்குள்ள தள்ளி விட்டுருமாம், தசை அப்படியே ஆஃப் ஆயிரும். குளுக்கோஸ் ஏத்தினா கூடத்தேன் போகும்னு அங்கதேன் சொன்னாங்க. பொட்டாசியம் குடுத்து சாயங்காலமே நடந்து வந்துட்டேன். அதுக்கு முன்னாடி ஆறு மாசமா கை நடுங்குது, ஸ்பானர்ல போல்ட் உக்கார மாட்டேங்குது, எளச்சுட்டேன், எல்லாரும் தண்ணியடிக்கிறேன்னு நெனச்சாய்ங்க, எங்க ஆத்தாவே வாய மோந்து பாத்துச்சு.

தைராய்டு கட்டுக்குள்ள வந்துட்டா இது வராது, எனக்கு அப்புறம் வரல. அதுவரைக்கும் வயிறு முட்ட சோறு, கூல்ட்ரிங்ஸ், ஒடம்பு முறிய வேல செஞ்சிட்டு அப்படியே போய் படுக்கறது, இது மூணும் வேண்டாம்னாங்க. பொட்டாசியம் டானிக்க நம்மளா வாங்கி குடிக்கக்கூடாது, கூடினாலும் ஆள தூக்கிரும்.

பனங்கிழங்கு எழுதியது:

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில இருக்கிறன். கண்ணைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை எண்டபடியா எழுதுறன். கிரேவ்ஸ் எண்டு டொக்டர் சொன்ன நேரம் எனக்குக் கால் கை ஓடேல்லை, கிரேவ் எண்டால் புதைகுழி தானே. பிறகு தான் தெரியும் அது ராபர்ட் கிரேவ்ஸ் எண்ட அயர்லாந்து டொக்டரின்ர பேர், 1835ல டப்ளினில இந்த வருத்தத்தைப் பற்றி எழுதினவர். அமெரிக்க ஜனாதிபதியா இருந்த மூத்த புஷ்ஷுக்கும் அவரின்ர மனுசி பார்பராவுக்கும் ரெண்டு பேருக்குமே இது இருந்தது, 1991ல அவருக்கு இதயத்துடிப்பு தாறுமாறாப் போய்த்தான் பிடிபட்டது.

எனக்கு இரத்தம் எல்லாம் சரி வந்த பிறகு தான் கண் தொடங்கினது. காலமை எழும்பினால் கண்ணுக்குள்ள மண் விழுந்த மாதிரி, இமை வீங்கி, காத்துப் பட்டால் தண்ணி ஓடும். நித்திரையில இமை முழுசா மூடுறேல்லை எண்டு இவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். பழைய பாஸ்போர்ட் படத்தையும் இப்ப எடுத்த படத்தையும் பக்கத்தில வச்சுப் பாருங்கோ, கண்ணாடியில தெரியாதது அதில தெரியும். நான் செய்யிறது: பகலில கண்ணுக்கு விடுற செயற்கைக் கண்ணீர், இரவில ஜெல், தலைமாட்டில ரெண்டு தலகாணி, வெளியில கறுப்புக் கண்ணாடி. செலினியம் குளிசை ஆறு மாசம் தந்தவை, லேசான கண் பிரச்சினைக்கு அது உதவும் எண்டு, நீங்களா வாங்கிப் போடாதேங்கோ.

சிகரெட் பிடிக்கிறவைக்குக் கண் கனக்க மோசமாகும், வீட்டில ஆரும் பிடிச்சால் வெளியில விடுங்கோ. ஒண்டு ரெண்டாத் தெரிஞ்சாலோ, நிறம் மங்கினாலோ, பார்வை குறைஞ்சாலோ அண்டைக்கே கண் டொக்டரிட்டை ஓட வேணும். ரேடியோ அயோடின் சில பேருக்குக் கண்ணைக் கூட்டும், அந்தப் பேச்சு வந்தால் கண்ணைப் பற்றி முதல் சொல்லுங்கோ.

கோலமாவு எழுதியது:

ரெண்டு மாசம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க, பரீட்சை பேப்பர் திருத்தல், அப்புறம் அக்னி நட்சத்திரம், ரெண்டும் சேந்து ஒரு வழி பண்ணிடுச்சு.

டாக்டருக்கு ஃபோன் பண்ணி பயோட்டின் விஷயம் சொன்னேன், திட்டல, அடுத்த வாரமே திரும்ப எடுக்க சொன்னார். டி4 3.6, ஆன்டிபாடி அப்பவும் பாசிட்டிவ். வியாதி நிஜம் தான். அந்த டப்பாவ அக்காகிட்ட குடுக்க போனேன், அவங்களுக்கும் தைராய்டு டெஸ்ட் இருக்குன்னு ஞாபகம் வந்து குப்பைல போட்டேன்.

நாலாவது வாரம் ஒரு ஞாயித்துக்கிழமை தொண்டை வலியும் 101 காய்ச்சலும். மாமியார் மிளகு பால் காய்ச்ச போயிட்டாங்க, நான் ஃப்ரிட்ஜ பாத்தேன், கோவை அக்கா சொன்ன மாதிரி எழுதி ஒட்டி வச்சிருந்தேன். மாத்திரைய நிறுத்திட்டு, ஞாயித்துக்கிழமை எந்த லேப் தொறந்திருக்குன்னு இவர் ஊர் பூரா வண்டில சுத்தி, கடைசில ஒரு எடத்துல சிபிசி எடுத்தோம், வெள்ளை அணு 6400, நார்மல், வெறும் வைரல் தான். டாக்டர்கிட்ட காட்டிட்டு அவர் சொன்ன பிறகு தான் திரும்ப ஆரம்பிச்சேன். இவ்ளோ அலைஞ்சது வீணான்னு மாமியார் கேட்டாங்க, வீணானதே நல்லது தானேன்னு இவர் சொல்லிட்டார்.

இப்போ டி4 1.5, டோஸ் 20க்கு எறக்கியாச்சு, நாடி 82. டிஎஸ்ஹெச் இன்னும் அதே 0.01, லேப் சார் முன்னாடியே சொன்னதால கவுன்டர்ல அழல. டம்ளர் சத்தம் நின்னுடுச்சு. கோலம் இன்னும் சுமார் தான், வெள்ளிக்கிழமை மட்டும் போடறேன், மத்த நாள் ஸ்டிக்கர். பாஸ்போர்ட் படத்தோட கண்ண ஒப்பிட்டு பாத்தேன், வித்தியாசம் தெரியல, ஆனா மாசத்துக்கு ஒரு படம் எடுத்து வைக்கறேன்.

ஒரே ஒரு சந்தேகம். எடை 53 ஆயிடுச்சு, சந்தோஷம் தான், ஆனா ராத்திரி பத்து மணி பசி மட்டும் போகவே இல்ல. இது போகுமா, இல்ல அப்படியே இருக்குமா?

கோவை அரிசிம்பருப்பு எழுதியது:

டெஸ்ட் எடுத்தீங்க பாருங்க, கேக்கவே நிம்மதியா இருக்குதுங்க. பசி பத்தி கேட்டீங்கள்ல, சுரப்பி அடங்கிடும், ஆனா வாயும் வயிறும் பழக்கத்த விட நாளாகும். எனக்கு யாரும் இத சொல்லல, டி4 சரியான பிறகும் பழைய அளவே சாப்பிட்டுட்டு இருந்தேன், ஏழு மாசத்துல 11 கிலோ ஏறி, கல்யாண பட்டு ரவிக்கை மூணு தையல் பிரிச்சும் பத்தல. அந்த ரெண்டாவது தட்ட இப்பவே நிறுத்துங்க. ரொம்ப பசிச்சா ஒரு டம்ளர் பால், இல்லைன்னா ஒரு வேகவெச்ச முட்டை. பழைய 58 வந்ததும் வாராவாரம் எட பாருங்க, தாண்டினா அடுத்த விசிட்ல டாக்டர்கிட்ட சொல்லுங்க, சில சமயம் டோஸ் அதிகமாகி ஹைப்போ பக்கம் சாஞ்சிருக்கும், அதுலயும் எட ஏறும்.